பகல் வெளிச்சத்தில் ராணி நாடகம்

அக்கா,

காலையிலிருந்து பின்வளவில் ஆட்டுத்தோல் ஊறிக்கொண்டிருக்கிறது. மத்தளத்தின் வலப்பக்கத் தோல் கிழிந்துவிட்டது. தைத் திருவிழாவுக்கு இன்னும் மூன்று கிழமைதான் இருக்கிறது. சுண்ணாம்புத் தண்ணீரும் பச்சைத் தோலும் சேர்ந்து எழுப்பும் நாற்றம் குசினிக்குள் வந்து, சோற்றில் ஏறி, கடைசியில் உன்னைக் கொண்டுவந்து என் முன்னால் நிறுத்திவிட்டது. நீ செத்து நாலு மாதம்.

இந்த முறையும் ராணி நாடகம் போடச் சொல்லிக் கோயில் சபை கேட்டிருக்கிறது. நீ பழக்கிய டிலானிதான் இப்போது மற்றப் பெண்களைப் பழக்குகிறாள். நேற்று வாசலில் வந்து நின்று கேட்டாள்: "அண்ணா, அந்தக் கட்டத்துக்கு நீங்க மத்தளம் அடிப்பீங்களா? இல்லாட்டி வேற ஆளைப் பாக்கவா?" எந்தக் கட்டம் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பதில் சொல்லாமல் தோலை வாங்கி வந்து, இன்று காலை ஊறப்போட்டேன். உனக்குச் சொல்லவேண்டியதைச் சொல்லாமல் அவளுக்கு என்ன பதில் சொல்வது?

அத்தான் உன்னை அடித்துக்கொண்டிருந்த காலத்தில் எனக்கு இருபத்திரண்டு வயது. கரைவலை இழுத்து இழுத்துத் தோள் இரண்டும் இறுகிப்போயிருந்த வயது. உன் வீடு பக்கத்து வளவு. நடுவில் ஒரு கிடுகு வேலி. கடலால் வந்து அவர் குடித்துவிட்டு வீட்டுக்குப் போனால், முதலில் கதிரை விழும் சத்தம் கேட்கும். அதன் பிறகு நீ கத்துவாய் என்று காத்திருப்பேன். நீ கத்தமாட்டாய். ஈரச் சாக்கைத் தூக்கி மணலில் அடிப்பதுபோல ஒரு சத்தம்தான் வரும். ஒன்று. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. பிறகு மூன்று நான்கு சேர்ந்தாற்போல. அம்மா எழும்பிப் போய் ரேடியோச் சத்தத்தைக் கூட்டுவா. நான் எழும்பினால், "இரு. புருசன் பெண்சாதி விசயம். நீ போய் என்னத்தைக் கிழிக்கப்போறாய்?" என்பா. நான் இருந்துவிடுவேன். அம்மா மறித்ததால் இருந்தேன் என்று பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டேன். அம்மாவின் கை என் சட்டையில்கூடப் பட்டதில்லை.

ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வந்த கையோடு, விறகுக் கட்டையால் உன் இடக்கையை உடைத்தார். உன்னைப் புத்தளம் ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் கொண்டுபோனது நான். மாம்புரி தாண்டி, பாலாவி தாண்டி, நீ ஒரு வார்த்தை கதைக்கவில்லை. குழியில் பஸ் விழும்போதெல்லாம் உன் உதடு மட்டும் வெளிறியது. டொக்டர், "எப்படி நடந்தது?" என்று கேட்டார். நீ வாய் திறக்க முன் நான் சொன்னேன்: "கிணத்தடியில வழுக்கி விழுந்தவ."

நீ திரும்பி என்னைப் பார்த்தாய். அதில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். தெரியாத ஒரு ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தாய். நாலு மாதத்தில் இத்தாலிக்குப் போய்விட்டாய்.

பத்தொன்பது வருடம். அங்கே படுக்கையில் கிடந்த ஒரு கிழவியைப் பார்த்துக்கொண்டாய். அவ செத்த பிறகு ஒரு பெரிய நாடக மண்டபத்தில் துப்புரவு வேலை. அங்கிருந்து ஒருநாள் போன் எடுத்தாய். உன் குரலில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"டேய், ஒபெரா எண்டு ஒண்டு. முந்நூறு வருசத்துப் பாட்டு நாடகம். எங்கட கூத்துத்தான்டா! ஒருத்தன் சாகப்போறான், சாக முந்தி அரை மணித்தியாலம் நிண்டு பாடுறான்!"

நானும் சிரித்தேன். நீ சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாய்: "ஆனா ஒண்டு. பாடுறவங்கள் ஒரு பக்கம் நிண்டு பாடுறாங்கள். நடுவில கொஞ்சப் பேர் வெறுங்காலோட, எங்களைப் போல உடுப்புப் போட்டுக்கொண்டு, இந்தக் காலத்து ஆட்டம் ஆடுறாங்கள். வாத்தியமெல்லாம் அந்தக் காலத்துச் சாமான். வயலினுக்கு ஆட்டுக்குடல் நரம்பு. நான் கூட்டுற தும்புக்கட்டையைப் பிடிச்சபடி நிண்டு அழுதனான்."

ஏன் அழுதாய் என்று நான் கேட்கவில்லை. இந்தக் கடிதம் முழுக்க நான் கேட்காமல் விட்டவைதான்.

நீ திரும்பி வந்தபோது தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருந்தாய். வளைந்து பொருந்திய இடக்கையை மறைக்காமல் கையில்லாச் சட்டை போட்டிருந்தாய். கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு, இரண்டாவது மாதமே கோயில் சபைக்கு முன்னால் போய் நின்றாய். ராணி நாடகத்தை நீ போடப்போகிறாயாம். நம் கரைக்கு அது புதிதில்லை. நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை, கீபோர்ட்டும் ஒலிபெருக்கியும் வைத்து, விடிய விடிய ஆடுவதுதான். கடற்போருக்குப் போன ராசா திரும்பி வருகிறான். மந்திரி ராணியைப் பற்றிப் பொய் சொல்கிறான். ராசா அவளை அடித்து, வெட்டிக் கொல்கிறான். வானவர் வந்து உண்மையைச் சொல்ல, ராணி உயிரோடு எழும்பி ராசாவின் காலில் விழுந்து வணங்குகிறாள். மங்களம். அடிக்கும் கட்டத்தில் சேலை கட்டின ஆம்பிளை ஒருவன் ஓடி ஓடி விழுவான், சனம் வயிறு குலுங்கச் சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன்.

நாடகத்தைப் பழக்கும் அண்ணாவியார் உன்னிடம் கேட்டார்: "பாட்டை மாத்துவியா பிள்ளை?"

"ஒரு சொல்லு மாத்தமாட்டன். நீங்கதான் ராசாவுக்குப் பாடோணும். கதிரையில இருந்து பாடுங்க. ஆடப்போறது ஆறு பொம்பிளையள்."

"விடிய விடிய அவளவை ஆடுவாளவையா?"

"விடிய விடிய இல்ல. பின்னேரம் நாலு மணிக்குத் துவங்கி, பொழுது படமுந்தி முடிப்பம். இருட்டில பாத்தா ஆரும் ஆரையும் காணமாட்டினம். பக்கத்தில இருக்கிறவன்ட முகம் தெரியோணும்."

அண்ணாவியார் கனநேரம் வெற்றிலை மென்றார். பிறகு, "கதிரை நல்லதாக் கொண்டா. எனக்கு இடுப்பு நோ" என்றார். அவ்வளவுதான் அவர் சம்மதம்.

கீபோர்ட் வேண்டாம் என்றாய். மத்தளம், தாளம், ஊதுகிற முகவீணை. சிலாபத்திலிருந்து இரண்டு வயலின்காரர். அவர்களுடைய இரும்புக் கம்பிகளைக் கழற்றி, நீ பெட்டிக்குள் சுற்றிக் கொண்டுவந்த குடல் நரம்பைப் பூட்டினாய். உப்புக் காற்றில் அது பாட்டுக்குப் பாட்டு இளகியது. அவர்கள் சலித்துக்கொண்டார்கள். "கம்பி பாடும். இது இருமும், தொண்டை அடைக்கும். எனக்கு அந்தத் தொண்டைதான் வேணும்" என்றாய். கோயில் சாமான் அறையில் கிடந்த பழைய கால்மிதி ஆர்மோனியத்தை எலி தின்றிருந்தது. குறிஞ்சிப்பிட்டியிலிருந்து தச்சுவேலை செய்யும் மஹ்ரூப் நானாவைக் கூட்டி வந்தேன். அவர் துருத்தியைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது மவுத்தாப் போன சாமான் தங்கச்சி. ஆனா உசிரு எங்கயோ ஒரு மூலைல ஈக்கிது" என்றார். பத்து நாளில் அதை மூச்சுவிட வைத்தார்.

ஆறு பெண்களும் கருவாட்டு வாடியில் வேலை செய்பவர்கள். பகல் முழுக்க மீன் வெட்டி உப்பிட்டுவிட்டு, பின்னேரம் அதே வாடியின் முற்றத்தில் பழகினார்கள். ராணியாக டிலானி. முதல் நாட்களில் அவர்களுக்கு விழத்தான் பழக்கினாய். முழங்கால், இடுப்பு, தோள், கடைசியாகத் தலை. பிறகு அடிக்கும் கட்டம் வந்தது. ஒருத்தி ராசாவைப்போல் கையை ஓங்கினாள். நீ மறித்தாய்.

"அடிக்கிறவனை ஆடாதீங்க. அடியை ஆடுங்க. அது உடம்பில எங்க விழும், அதுக்குப் பிறகு உடம்பு எங்க போகும், அதை மட்டும் ஆடுங்க."

பிறகு டிலானியின் முழங்கை தானாக எழும்பிக் காதை மூடியது. இன்னொருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவர் பக்கம் திரும்பினாள். ஒருத்தி சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்தாள். ஒருவருக்கும் நீ பழக்கவில்லை அக்கா. எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நான் மத்தளத்தை அணைத்தபடி இருந்தேன்.

"அடி" என்றாய் என்னிடம். கூத்தில் வழக்கமாக வரும் தாளத்தை அடித்தேன். நீ தலையாட்டினாய்.

"இது கலியாண ஊர்வலம். நீ வேலிக்கு அங்கால இருந்து கேட்டனீதானே? எப்பிடிக் கேட்டுது? அதை அடி."

உன் முகத்தில் ஒன்றுமில்லை, வேலை மட்டும்தான் இருந்தது. நான் அடித்தேன். ஒன்று. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. பிறகு மூன்று நான்கு சேர்ந்தாற்போல. இருபது வருடத்துக்குப் பிறகும் ஒரு அடி பிசகாமல் என் கைக்கு ஞாபகம் இருந்தது. நீ கண்ணை மூடிக் கேட்டாய். "கொஞ்சம் முந்துது. அடி முதல்ல விழும். சத்தம் பிறகுதான் கேக்கும்" என்றாய். நான் பிந்தவைத்துத் திரும்ப அடித்தேன்.

கதை அத்தானின் காதுக்குப் போகாமல் இருக்குமா? திருவிழாவுக்கு எட்டு நாள் இருக்கும்போது, கள்ளுக் குடித்த கண்ணோடு வாடிக்குள் வந்தார். கையில் போட் நங்கூரம். உன்னைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. நேரே போய் அதால் ஆர்மோனியத்தில் அடித்தார். மூன்றாவது அடியில் பலகை பிளந்து, துருத்தி கிழிந்து, உள்ளிருந்த காற்று ஒரு மிருகம் மாதிரி முனகிக்கொண்டு போனது. "என்னை வைச்சு ஆட்டம் காட்டுறியா? மேடையில ஏறு, வெட்டிப்போடுவன்" என்று கத்திவிட்டுப் போனார். நான் அரிவாளை எடுத்தேன். நீ வாசலை மறித்துக்கொண்டு நின்றாய்.

"வை அதை. நாளைக்கு நானாவைக் கூட்டிக்கொண்டு வா."

நானா உடைந்த பலகைகளைப் பொறுக்கி எடுத்தார். பாயைப் போட்டு வாடியிலேயே இருந்து வேலை செய்தார். பிளவுகளை அவர் மறைக்கவில்லை. செப்புத் தகட்டால் தைத்தார்.

திருவிழாவன்று பின்னேரம் கோயிலுக்கும் கடலுக்கும் நடுவில், வெறும் மணலில் நாடகம் தொடங்கியது. சனம் கடலைப் பார்த்தபடி இருந்தது. எதிர்வெயிலுக்கு நெற்றியில் கைவைத்துக்கொண்டு பார்த்தார்கள். முகவீணை எழும்பியது, அண்ணாவியார் கதிரையில் இருந்தபடி ராசாவின் விருத்தத்தைத் தொடங்கினார். அந்தக் கிழட்டுத் தொண்டையும் குடல் நரம்பும் ஒன்றையொன்று பிறாண்டிக்கொண்டு போயின. நீ வாத்தியக்காரருக்கு நடுவில் நின்று, நல்ல கையால் தாளம் காட்டினாய். அடிக்கும் கட்டம் வந்தது. ஆறு பெண்கள் விழுந்தார்கள், எழும்பினார்கள், விழுந்தார்கள். ராசா என்று ஒருவரும் நடுவில் இல்லை. சிரிப்பதற்குத் தயாராக வந்த சனம் சிரிக்கவில்லை. முன்வரிசையில் ஒரு மனுசி எழும்பிப் போனா. ஆம்பிளைகள் ஆளையாள் பார்க்காமல் கடலைப் பார்த்தார்கள். என் கை வேலிக்கு அப்பால் கேட்டதை அடித்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அத்தான் சனத்தைப் பிளந்துகொண்டு வந்தார். கையில் துடுப்பு. கொஞ்சப்பேர் அதுவும் நாடகம் என்றுதான் நினைத்தார்கள். துடுப்பு உன் தோளில் இறங்கியது. காறை எலும்பு முறிந்த சத்தம் எனக்குப் பிறகுதான் கேட்டது. நீ சொன்னது சரி.

நான் மத்தளத்தைத் தாண்டிப் பாய்ந்தேன். முதல் அடியில் அவர் விழுந்துவிட்டார். அதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் மேல் ஏறியிருந்து முகத்தில் குத்தினேன். பல் என் விரலில் ஏறியது. மூக்கு நொறுங்கியது. இடக்கண் இருந்த இடம் இரத்தமாக நிறைந்தது. "அடி! அடி!" என்று சனம் கத்தியது. எனக்கு இனித்தது அக்கா. அதை மறைத்து என்ன செய்ய. குத்தக் குத்த இனித்தது. அவர் கையெடுத்துக் கும்பிட்ட பிறகும் குத்தினேன்.

என்னை இழுத்தது ஆம்பிளைகள் இல்லை. ஆறு பெண்களும் ஓடிவந்து, விழுகிறவளைத் தாங்க நீ பழக்கிய பிடியில் கக்கத்திலும் இடுப்பிலும் பிடித்து, என்னைத் தூக்கி மணலில் போட்டார்கள். நீ முறிந்த தோளைப் பிடித்தபடி என் முன்னால் வந்து நின்றாய். நன்றி சொல்வாய் என்று நான் அண்ணாந்து பார்த்தேன்.

"உன்ட கையும் அவன்ட கைதான்டா" என்றாய்.

என் மனுசி ஸ்டெல்லா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அருகில்தான் நின்றாள். அவள் தலையைக் குனிந்து மணலைப் பார்த்தாள்.

அத்தானை நாலு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். பாதர் நாடகத்தை நிறுத்தச் சொன்னார். நீ, "இன்னும் அரை மணித்தியாலம் பொழுது இருக்கு பாதர்" என்றாய். சேலைத் துண்டால் தோளைக் கட்டிக்கொண்டு எனக்குச் சொன்னாய்: "மத்தளத்தை எடு." என் வலக்கையில் இரண்டு விரல் முறிந்திருந்தது. இடக்கையால் மட்டும் அடித்தேன். வானவர் பாட்டு முடிந்து, ராணி எழும்பினாள். அண்ணாவியார் ஒரு சொல் விடாமல் வணக்கப் பாட்டைப் பாடினார். டிலானி வணங்கவில்லை. பாட்டைத் தன் முதுகில் வாங்கிக்கொண்டு, சனத்துக்கு முகம் காட்டாமல், நேரே கடலுக்குள் நடந்தாள். இடுப்பளவு தண்ணீரில் நின்றாள். ஒருவரும் கைதட்டவில்லை. ஒருவரும் எழும்பவும் இல்லை.

பொலிஸ் வந்தபோது ஊர் முழுக்க ஒரே கதை தயாராக இருந்தது. அத்தான் வெறியில் கல்லில் விழுந்துவிட்டார். நீ கட்டிலில் இருந்தபடி உள்ளதை உள்ளபடி சொன்னாய். துடுப்பால் உன்னை அடித்ததும் சொன்னாய். கும்பிட்ட மனுசனை நான் அடித்து ஒரு கண்ணைக் கெடுத்ததும் சொன்னாய். பதினொரு நாள் விளக்கமறியலில் இருந்தேன். பிணையில் வந்த அன்றே உன் வீட்டுக்கு வந்து கத்தினேன்.

"உனக்காகத்தானே அடிச்சனான்!"

நீ குரலை உயர்த்தவில்லை. "எனக்காக வாறதெண்டா இருபது வருசத்துக்கு முந்தி வந்திருக்கோணும். அண்டைக்கு நீ அவனை அடிக்கவும் தேவையில்ல. என்ட வாசலில வந்து நிண்டிருந்தாப் போதும்."

நான் கதவை அடித்துச் சாத்திவிட்டு வந்தேன். வழக்கில் அத்தானுக்குச் சிறை, எனக்கு ஒத்திவைத்த தண்டனை. ஒற்றைக் கண்ணோடு வெளியில் வந்தவர் சிலாபத்தில் தன் தமையன் வீட்டோடு போய்விட்டார். உன்னோடு நான் கதைக்கவில்லை.

ஆனால் நீ வந்தாய். அந்தச் சண்டைக்கு அடுத்த கிழமையிலிருந்து, ஒவ்வொரு நாளும் பின்னேரம், நான் கடலால் வரும் நேரத்துக்கு, என் வீட்டு வாசலில் ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தாய். கீரை ஆய்ந்தாய். வயலின் நரம்புக்கு எண்ணெய் பூசினாய். ஸ்டெல்லா உனக்குத் தேத்தண்ணி தந்தாள். மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறாய் என்று முதல் மாதம் நினைத்தேன். நான் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று காத்திருக்கிறாய் என்று அடுத்த மாதம். தனிமையாக்கும் என்று பிறகு. அக்கா வாசலில் இருக்கும்போது குடித்துவிட்டுப் போக வெட்கமாக இருந்தது. குறைத்தேன். ஆறாம் மாதம், "காத்துக் கூடிப்போச்சு, உள்ளுக்கு வா" என்றேன். அப்படித்தான் திரும்பவும் கதைக்கத் தொடங்கினோம். இரண்டரை வருடம், மழையோ கச்சான் காற்றோ, ஒரு நாள் தவறவில்லை நீ. ஆவணியில் ஒரு காலை உன் நெஞ்சு நின்றுபோகும்வரை.

உன்னைச் சவக்காலையில் புதைத்துவிட்டு வந்த எட்டாம் நாள், ஸ்டெல்லா உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். அக்கா என்னை மன்னித்துத்தான் போனவ, அதனால்தான் ஒவ்வொரு நாளும் என்னைப் பார்க்க வந்தவ என்று நான் சொன்னேன். அவள் மடிப்பதை நிறுத்தவில்லை.

"அக்கா உங்களைப் பாக்க வரேல்ல. நீங்க மறியல்ல இருக்கேக்க வந்து என்னட்டக் கேட்டவ, என்ட தம்பி உன்னை அடிக்கிறவனா எண்டு. ஓம் எண்டு சொன்னனான். பிள்ளை பிறந்த வருசம் என்ட காது கேக்காமப் போனதையும் சொன்னனான். அதுக்குப் பிறகுதான் கதிரையைக் கொண்டு வந்தவ."

அக்கா, உனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டு இரண்டரை வருடம் என் வீட்டுத் தேத்தண்ணியைக் குடித்தாய், என்னோடு சிரித்துக் கதைத்தாய், என் பிள்ளைக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தாய். ஒரு சொல் என்னிடம் கேட்கவில்லை. ஸ்டெல்லாவை நான் எத்தனை முறை அடித்தேன் என்பதை நானே மறந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் ஒன்றையும் மறக்கவில்லை. கடைசிச் சட்டையை மடித்து அலுமாரிக்குள் வைத்துவிட்டு அவள் கேட்டாள்:

"இனி ஆர் வாசலில இருக்கிறது?"

இந்த நாலு மாதத்தில் என் கை ஓங்கவில்லை என்று சொன்னால் அது பெருமையாகிவிடும். இரண்டு முறை ஓங்க வந்தது. இரண்டு முறையும் வெளியில் போய், நீ இருந்த இடத்தில் நின்றேன். அங்கிருந்து உள்ளே பார்த்தபடி இருக்கும்போது இந்த வீடு எப்படித் தெரியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. சின்ன வீடு. ஓடி ஒளிய இடமில்லை.

டிலானிக்கு ஓம் சொல்லத்தான் நினைக்கிறேன். அதற்கு முதல் இந்தக் கடிதத்தை ஸ்டெல்லாவிடம் வாசிக்கக் கொடுப்பேன். அவளைப் பற்றி நான் எழுதியதில் பொய் இருந்தால் அவள் வெட்டட்டும், விட்டது இருந்தால் அவள் கையால் எழுதட்டும். அதன் பிறகும் நான் மத்தளத்துக்கு முன்னால் இருக்கலாமா என்பதை ஸ்டெல்லாதான் சொல்லவேண்டும்.

உன் தம்பி